சுத்தியலுக்குப் பின்னால் பாடியவள்

அன்புள்ள அம்மிணி,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "அப்பா, நம்மூட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்கற பாட்டுப் பதியற சாஃப்ட்வேரு பழசாயிருச்சு. பணங் கட்டிப் புதுசுக்கு மாத்தோணும், இல்லாட்டிக் கொஞ்ச நாள்ல நின்னு போயிருமாம். நீங்க யாரும் அதத் தொடறதே இல்லையே, உட்டர்லாமுங்களா?" என்று கேட்டாய். நான் "பாக்கலாஞ் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனை உன் அம்மாவிடம் நீட்டிவிட்டேன். கனடாவுக்குப் பெட்டி கட்டும் அவசரத்தில் நீ அதை மறந்திருப்பாய். எனக்கு மறக்கவில்லை. கட்டலாமா வேண்டாமா என்ற சின்னக் கேள்விதான். அதற்குப் பதில் கிடைப்பதற்குள் இந்த வீட்டில் என்னென்னவோ நடந்துவிட்டது. நீ விமானம் ஏறுவதற்குமுன் அதையெல்லாம் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. போனில் பேசினால் நீ சொல்வதில் பாதி எனக்குக் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

யாரும் தொடுவதில்லை என்று நீ நினைத்ததில் தப்பில்லை, நான்தான் சொல்லவில்லை. உன் கல்யாணம் முடிந்து நீ சென்னைக்குப் போனாய். அதே சமயம் நான் கேபினும் கூண்டும் கட்டும் நம் லாரிப் பட்டறையை உன் சித்தப்பா பொறுப்பில் விட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குப் போக இடமில்லாமல் போயிற்று. ஒருநாள் உன் அறையில் தூசி தட்டப் போனவன் கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். நீ பதிந்து வைத்த பாட்டுகள் வரிசையாக வந்தன. ஒன்றை அழுத்தினேன். ஹெட்போனில் என் காதுக்கு எட்டியது பாதிதான். ஆனால் திரையில் ஒரு பச்சைக் கோடு மேலும் கீழும் அசைந்து, மலையாகி, பள்ளமாகி, ஆற்று மணலைக் காற்று வருடினதுபோல் சின்னச் சின்ன மடிப்பாகி ஓடிக்கொண்டே இருந்தது. சன்னல் வழியாக வேப்பமரத்து வெயில் அந்தத் திரைமேல் வந்து ஆடியது. எது இலையின் நிழல், எது உன் பாட்டு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்றைக்குத் தேநீர் ஆறிப்போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு தினமும் மதியம் அங்கேதான். உன் அம்மா நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

என் காது எப்படிப் போயிற்று என்று உனக்கு நான் விவரமாகச் சொன்னதில்லை. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் வேப்பமரத்துக் குருவிகள் போயின. மரத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடும், சத்தம் வராது. பிறகு குக்கர் விசில் போயிற்று. பிறகு உன் அம்மா பேசும்போது வார்த்தைகளின் நுனிகள். தகரத்தில் சுத்தியல் விழுகிற சத்தத்துக்குள்ளேயே ஆயுசைக் கழித்தவனுக்கு இது புதிதில்லை, எங்கள் தொழிலில் எல்லாருக்கும் வருவதுதான். டாக்டர் காது மெஷின் கொடுத்தார். மிச்சம் இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றார். கிணற்றில் நீச்சல் பழகிய நாளில் தண்ணீருக்குள் முங்கினால் மேலே நிற்பவர்கள் பேசுவது எப்படிக் கேட்கும்? அப்படித்தான் இப்போது எனக்கு உலகம் முழுவதும். பயமாக இருக்கிறதென்று சொல்லமாட்டேன். ஆனால் மேலே நிற்பவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை விடவில்லை.

உன் பாட்டுகளுக்கு நடுவே "அம்மா – பட்டறை" என்று ஒரு பதிவு இருந்தது. உனக்கு நினைவிருக்கும். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தபோது பட்டறையின் மூலையில், உன் அம்மா லாரிகளுக்குச் சீட்டு உறையும் திரைச்சீலையும் தைக்கிற கொட்டகையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்துவிட்டு, "பட்டறைச் சத்தம் பதியறேம்மா, நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். திரையில் அதைத் திறந்தால் சுத்தியல் அடிகள் பனைமரங்கள்போல நெட்டு நெட்டாக நின்றன. அந்த மரங்களுக்கு நடுவே, தரையோடு தரையாக, மெல்லிய பச்சையாக ஏதோ ஒன்று வளைந்து வளைந்து போனது. ஹெட்போனில் எனக்குச் சுத்தியல் மட்டும்தான் கேட்டது. ஒரு இடத்தில் "ரிவிட்டு எங்கப்பா, ரிவிட்டு?" என்று நானே கத்துவது கேட்டது. அந்தப் பச்சை உன் அம்மாவின் குரல் என்று புரிய எனக்குச் சில நாள் ஆயிற்று. உன் அம்மா தைக்கும்போது பாடுவாள் என்று தெரியும். சாமி பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் அவளும் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தோம். அவள் வாய் அசைவதைப் பார்த்திருக்கிறேன், என்ன பாடுகிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

நீ போன் செய்த மறுநாள் கம்ப்யூட்டரைத் திறந்ததும் நீ சொன்ன அறிவிப்பு வந்து நின்றது. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். புதிய பதிப்பு இரைச்சலையும் குரலையும் தனித்தனியாகப் பிரித்துத் தருமாம். சில நாள் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாமாம். பிரித்ததைச் சேமித்து வைக்க வேண்டுமானால் பணம் கட்ட வேண்டுமாம். பொத்தானை அழுத்தும் நேரத்தில் உன் அம்மா மோர் டம்ளரோடு வந்து வாசலில் நின்றாள்.

"ஏனுங்க, தூங்கறீங்கன்னு பாத்தா இதுக்குள்ள என்ன பண்றீங்க?"

"வா, இப்பிடி உக்காரு. உன்னோட பாட்டுத்தான். அம்மிணி பதிஞ்சு வெச்சது."

"எம் பாட்டா? நான் எப்பங்க பாடினேன்?" என்று சிரித்துக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். திரையில் ஒரு கோடு எறும்புபோல் ஊர்ந்து போய் முடிந்தது. ஒன்றாக இருந்த பதிவு இரண்டாகப் பிரிந்து ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தது. மேலே பனைமரங்கள். கீழே பச்சை மட்டும். மேலே இருந்ததை மூடிவிட்டு, காது மெஷினைக் கழற்றி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தை முழுதாக வைத்தேன். அது ஹெட்போனையும் தாண்டி அறைக்குள் ஒலித்திருக்க வேண்டும்.

அம்மிணி, அந்தக் குரல் வந்ததை உனக்கு எப்படிச் சொல்வேன்? அதிகாலையில் வயலுக்குப் போனால் பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஆள் ஒருவர் முதலில் நிழலாகவும், அப்புறம் சேலையின் நிறமாகவும், அப்புறம் முகமாகவும் வருவதில்லையா, அப்படி வந்தது. வயது குறைந்த உன் அம்மா. வார்த்தைகளின் நுனிகள் எல்லாம் இருந்தன.

"கெழக்க போற வண்டிக்குக்
கிளிப்பச்சத் திரை தெச்சேன்
மழைக்குள்ள போறவனே
மறக்காம மடிச்சு வையி"

சாமி பாட்டு இல்லை. எங்கேயும் கேட்ட பாட்டும் இல்லை. அவளே கட்டினது. நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். அடுத்த அடி வந்தது.

"தகரந் தட்டும் மகராசா
தங்கமான மகராசா
நீ கட்டுன வண்டியெல்லாம்
கடலப் பாத்து வருகுதையா
கட்டுனவன் பொண்டாட்டி
காவேரிப் பாலம் தாண்டலையே"

பாட்டுக்காகக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருந்தாள். கரூருக்கும் கொடுமுடிக்கும் எத்தனை தடவை அந்தப் பாலத்தைத் தாண்டிப் போயிருக்கிறோம். ஆனால் கடல் பார்த்ததில்லை என்பது நிஜம். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. "அடிப் பாவி, எத்தன நல்லாப் பாடியிருக்கற" என்று திரும்பினால், உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. நான் ஹெட்போனைக் கழற்றிக் காது மெஷினை மாட்டினேன்.

"அத நிறுத்துங்க மொதல்ல."

"ஏம்புள்ள, நல்லாத்தான இருக்குது?"

"சுத்திச் சத்தத்தத் திருப்பிப் போடுங்க. அது இருக்குதுன்னுதான் நான் பாடினேன். இப்பிடித் தனியா நிக்க உட்டா எப்பிடீங்க? யாரோ குளிக்கற எடத்துல கதவத் தொறந்தாப்பல இருக்குது."

மோர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு சில நாள் வழக்கம்போலச் சமைத்தாள், பேசினாள், கோபம் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் வீட்டில் தைத்துக்கொண்டிருக்கும்போது அவள் உதடு அசைவதை நான் தூரத்திலிருந்து பார்ப்பேன் இல்லையா, அது நின்றுவிட்டது. மெஷின் ஓடும், வாய் மூடியே இருக்கும். என்னால் தாங்க முடியாதது அதுதான்.

நான் பணம் கட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இலவச நாட்கள் முடிந்தால் அந்தக் குரல் மறுபடியும் சுத்தியலுக்குள் போய்விடும். என் காதோ நாளுக்கு நாள் மூடிக்கொண்டு வருகிறது. இன்று சேமித்து வைத்தால் இன்னும் கொஞ்ச காலமாவது கேட்கலாம். தினமும் மதியம் அந்த அறைக்குப் போவேன். பணம் கட்டும் பக்கத்தைத் திறப்பேன். அவள் பார்க்காதபோது அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடலாமா என்று கை பரபரக்கும். போடமாட்டேன். வெறும் பச்சைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நாட்களில் பழனிச்சாமியை அடிக்கடி நினைத்தேன். சங்ககிரிக்காரர். ஒரு காலத்தில் சொந்த லாரி வைத்திருந்தார், இப்போது பட்டறையில் முடியும் வண்டிகளை உரியவர்களிடம் ஓட்டிக்கொண்டுபோய் விடுகிறார். சொந்த லாரி வைத்திருந்த காலத்தில், கேபினுக்குள் சத்தமே வரக்கூடாது என்று கேட்டார். கதவு, தரை, என்ஜின் மூடி எல்லாவற்றுக்கும் மெத்தை வைத்துத் தைத்துக் கொடுத்தோம். உள்ளே உட்கார்ந்தால் பூஜை அறைபோல இருக்கும். கொஞ்ச நாளில் திரும்பி வந்து, "எல்லாத்தையும் பிரிச்செடுத்துருங்க மொதலாளி. வண்டி என்ன நெனைக்குதுன்னே தெரிய மாட்டேங்குது" என்றார். நாங்கள் சிரித்தோம். அந்தச் சத்தத்தில்தான் அவருக்கு நிம்மதி இருந்தது, அதை நாங்கள் தொந்தரவு என்று நினைத்துவிட்டோம். உன் அம்மாவுக்கும் அந்தச் சுத்தியல் சத்தம் அப்படித்தான் இருந்திருக்கிறது. எனக்குக் காதைத் தின்றது, அவளுக்கு மறைப்பாக நின்றது. பட்டறையில் அத்தனை ஆண்களுக்கு நடுவே அவள் ஒருத்தி. வாய்விட்டுப் பாட அதைவிடப் பத்திரமான இடம் அவளுக்குக் கிடைத்திருக்காது.

இலவசம் முடிகிற நாள் நான் பணம் கட்டவில்லை. மறுநாள் திறந்தபோது ஒரே கோடு, பனைமரங்களும் அடியில் பச்சையும். உன் அம்மாவிடம் போய், "அது பழையபடி ஆயிருச்சு. இனி யாருங் கேக்க முடியாது" என்றேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "சரீங்க" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அன்று சாயங்காலம் என் தட்டில் கேட்காமலே இன்னொரு தோசை விழுந்தது.

அந்த வாரமே உன் சித்தப்பா பட்டறையில் ஒரு வண்டி முடிந்து நின்றது. தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் செய்கிற ஒருவருக்கு. ஓட்டிப் போகிறவர் பழனிச்சாமி. கேபினில் இடம் இருக்கிறதென்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கேட்டேன். "தூத்துக்குடிக்கு வண்டி போகுது. வாரியா?"

"எதுக்குங்க?"

"கடலப் பாக்கத்தான்."

உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு எங்கிருந்து இந்த யோசனை வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். தையல் மெஷினைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "திரைச்சீல இன்னும் பாக்கி கெடக்குது. அத முடிச்சுப் போட்டுட்டு வாரேன்" என்றாள்.

விடிந்ததும் கிளம்பினோம். புது பெயிண்ட் வாசனை, புது ரெக்சின் வாசனை. சன்னலில் உன் அம்மா தைத்த திரை. நாமக்கல் மலை பின்னால் பனிக்குள் கரைந்தது. முட்டை வண்டிகள் எதிரே வரிசையாக வந்தன. பாட்டில் வந்த அந்தப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் காவிரி வெள்ளையாகக் கிடந்தது, தண்ணீர் எது மணல் எது என்று தெரியவில்லை. உன் அம்மா குனிந்து பார்த்து, வாய்க்குள் சிரித்துக்கொண்டாள். கரூர் தாண்டியதும் பழனிச்சாமி வேகம் எடுத்தார். என்ஜின் இரைச்சல் காது மெஷினுக்குள் புகுந்து குத்தியது. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு எனக்கு எல்லாம் தண்ணீருக்கடியில்தான். வயல்களும் செங்கல் சூளைகளும் காற்றாலைகளும் சத்தமில்லாமல் மிதந்து போயின. உடம்பு மட்டும் வண்டியோடு அதிர்ந்துகொண்டிருந்தது.

எப்போது தூங்கினேன் என்று தெரியாது. கண் திறந்தபோது உன் அம்மா சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வெளிக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. நன்றாகத் திறந்து, கழுத்து நரம்பு தெரிய, பாடிக்கொண்டிருந்தாள். பழனிச்சாமி சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்குமா தெரியாது, கேட்டிருந்தாலும் காட்டிக்கொள்கிற ஆள் இல்லை. அவள் மடியில் போன் கிடந்தது. அதில் ஒரு சின்னச் சிவப்பு வட்டம் மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. நான் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன். நிஜமாகத் தூங்கவில்லை. அவள் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. மூச்சை இழுத்து இழுத்து அவள் பாடுவது அந்தத் தோள் வழியாக எனக்கு வந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

கடலை அவள் எப்படிப் பார்த்தாள் என்று நீ கேட்பாய். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால்வரை போய் நின்றாள். வெகு நேரம் அலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து, நான் காது மெஷினை மாட்டுகிறவரை காத்திருந்து, "சத்தம் சாஸ்திதானுங்க இதுக்கு" என்றாள். திருப்தியாகச் சொன்னாள். வண்டியை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினோம். வழியெல்லாம் தூங்கினாள்.

வந்த மறுநாள் காலை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றாள். "அந்தப் புதுசுக்கு மாத்தறதுக்குப் பணங் கட்டிரலாமுங்க."

"நீதான வேண்டாம்ன?"

"நீங்க கேக்கறதுக்கு வேண்டாம்னேன். இது நான் கேக்கறதுக்கு. வண்டியில பதிஞ்சத நானே பிரிச்சுப் பாக்கறேன். சரியில்லாட்டி அழிச்சுப் போட்டுட்டு இன்னொருக்காப் பாடறேன். உங்களுக்குக் குடுக்கறதா வேண்டாமான்னு பொறவு சொல்றேன்."

பணமும் அவளுடையதுதான், தையலில் சேர்த்தது. சித்தப்பாவின் கார்டில் கட்டச் சொல்லிவிட்டு, உடனே அவர் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டாள். கணக்கு உன் பெயரில் இருப்பதால் உன் மின்னஞ்சலுக்கு ரசீது வந்திருக்கும். யாரோ ஏமாற்றுக்காரன் உன் கணக்கில் புகுந்துவிட்டான் என்று பதறாதே, உன் அம்மாதான். அது எப்படி, இது எப்படி என்று உன்னிடம் போனில் கேட்பாள். பொறுமையாகச் சொல்லிக்கொடு. என்ன பாட்டு என்று மட்டும் கேட்காதே.

புது ஊரில் புது வீட்டில் நீயும் மாப்பிள்ளையும் இருக்கப் போகிறீர்கள். பனிக்காகக் கதவு சன்னலெல்லாம் இறுகச் சாத்திய வீடுகள் என்றாய். ஒருவர் மூச்சு விடுவதுகூட மற்றவருக்குக் கேட்கும். மாப்பிள்ளை தனியாக இருக்கும்போது ஏதாவது முணுமுணுத்தால் கதவோரம் போய் நிற்காதே. அவராக வந்து சொல்லட்டும். உனக்கும் அப்படி ஒரு இடத்தை வைத்துக்கொள், குழாயைத் திறந்துவிட்டாவது பாடு. நீ செய்வது சத்தங்களோடு செய்கிற வேலை. அங்கே இதைவிடப் பெரிய மெஷின்கள் உன் கைக்கு வரும், எதையும் எதிலிருந்தும் பிரித்துவிடும். பிரிப்பதற்கு முன்னால், பாடினவளை ஒரு வார்த்தை கேட்டுக்கொள் கண்ணு. வேறு புத்தி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்போது மதியம். உன் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. நான் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சற்று முன்னால் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். ஹெட்போன் அழுத்தி இரண்டு காதும் சிவந்திருந்தன.

"நல்லா வந்திருக்குதா?" என்று கேட்டேன்.

"இன்னுங் கொஞ்சம் வேல கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, சொம்பை வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன் அப்பா